நான்காம் பக்கத்தில் நான் எழுதிய பெயர்

தம்பி,

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: "அதை எழுதியது நான்." ஃபுட்ஸ்கிரே மண்டபத்தின் குசினி வாசலில், கையில் பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்றிருந்தேன். உனக்கும் எனக்கும் இடையே இருபது அடி இருந்திருக்கும். மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது; மெல்லச் சொல்லியிருந்தாலும் எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் சொல்லவில்லை. தட்டு சரியாமல் இருக்க அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வருடம் ஆகிறது. அடுத்த மாதம் சிட்னியில் உன் மெஸ்ட்ரே, உங்கள் கலையின் பெரிய ஆசான், உன் இடுப்பில் ஆசிரியர் கயிறு கட்டப்போகிறார். கட்டுவதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் "உன் ஆசிரியர் யார், அவருடைய ஆசிரியர் யார்" என்று கேட்பார், நீ வரிசையாகச் சொல்லவேண்டும் என்று போன ஞாயிறு தொலைபேசியில் சொன்னாய். "அப்ப உனக்கு முதல் படிப்பிச்ச சேரின்ர பேரும் சொல்லுவியோ?" என்று கேட்டேன். "நோ வே, அம்மா. அந்தாள் ஒரு ஃப்ராட்" என்றாய். பிறகு நீ இருக்கும் நோர்த்மீட்டில் மழை பெய்கிறதா என்று நான் கேட்டேன். பெய்யவில்லை என்றாய். ஃப்ராட் என்ற அந்தச் சொல்லை உன் வாயில் வைத்தவள் நான்தான் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். நேரில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். நீ என்னைத் தேற்றத் தொடங்குவாய். சொல்லவந்தது அதோடு நின்றுவிடும். எழுத்தில் நீ என்னைத் தேற்ற முடியாது.

நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. கல்யாணமாகி மெல்பேர்ன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன்னை வளர்த்தேன் என்று சொல்வதைவிட உன்னோடு சேர்ந்து வளர்ந்தேன் என்று சொல்வதுதான் சரி. நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், பொயிண்ட் குக்கில் ஒரு மரம்கூட இல்லாத தெருவில் வீடு கட்டியதும், நீ மிருதங்க வகுப்புக்கு ஐந்து வாரம் போய் ஆறாவது வாரம் வயிற்று வலி என்று படுத்ததும் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. உனக்குப் பதினான்கு வயது. நூலக அறிவிப்புப் பலகையில் ஒருவர் கப்போயிரா வகுப்பு என்று கையால் எழுதிய தாளைக் குத்திவிட்டுப் போனார். பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஆட்டம்போலக் காட்டி வளர்த்த சண்டை அது என்று கீழே ஒரு வரி. ஒரு வாரம் பழகிப் பார் என்று உன்னை அழைத்துப்போனேன். ஐந்து வருடம் அந்த மண்டபத்தின் வாசலில் காருக்குள் இருந்து புத்தகம் வாசித்தேன்.

அங்கே கற்பித்த பிரேசில்காரரின் பெயர் ஷலேரா. போர்த்துக்கேய மொழியில் கேத்தில். அந்தக் கலையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்குமாம். களைத்தால் அவருடைய மூக்கு மெல்லச் சீட்டியடிக்கும், அதனால் அந்தப் பெயர். பகலில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பார், மாலையில் உங்களுக்குக் கற்பிப்பார். நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சேர் என்றேன். அப்பாவோ, "கேத்தில் மாஸ்டர் இண்டைக்குக் கொதிச்சவரோ?" என்று உன்னைக் கேட்பார். நீ சிரிக்கமாட்டாய். அவரைப் பற்றிய பகிடிக்கு நீ ஒருநாளும் சிரித்ததில்லை. அதிலிருந்துதான் அவர் உனக்கு யார் என்று எனக்குத் தெரிந்தது.

முதல் தடவை அவர் உன்னை வீட்டில் இறக்கிவிட வந்தபோது தேநீர் கொடுத்தேன். உட்காரச் சொல்லி, உன்னைப் பார்த்து "தம்பி, கதிரையை எடு" என்றேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கதிரைக்கு அவருடைய மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல். பிறகு யன்னலைக் காட்டினார், சப்பாத்தைக் காட்டினார், மேசையில் இருந்த பாணைக் காட்டினார்; எல்லாவற்றுக்கும் அப்படியே. "போர்த்துக்கேயர் உங்கள் ஊருக்கும் வந்தார்களா?" என்று கேட்டார். "வந்து கோயில்களை இடித்துவிட்டுக் கதிரையைத் தந்தார்கள்" என்றேன். அவர் சிரித்தார். "எங்களைக் கொண்டுபோனதே அந்தக் கதிரையைத் தூக்கத்தான்" என்றார். வீட்டுக்கு வந்த ஒருவர் என்னை ஒரு வாசகியாக நினைத்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. நான் அதிகம் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். அவரோடு பேசினேன்.

அவருடைய ஆசிரியரைப் பற்றிய கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். ஒரு சின்னத் துறைமுகத்தில் கொக்கோ மூட்டை தூக்கியவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், களஞ்சியத்தின் பின்னால், வெறும் சாக்குகளை விரித்து நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் இல்லை, பட்டம் இல்லை, கயிறு இல்லை. எல்லோரும் அவரை மாமா என்றே கூப்பிட்டதால் அவருடைய சொந்தப் பெயர் சேருக்கும் தெரியாது. அதனால்தான் சேரும் தன்னை மெஸ்ட்ரே என்று சொல்லிக்கொள்ளவில்லை. யாராவது சொன்னால் கையை உதறுவார். உங்களுக்குக் கயிறு கட்டும் தகுதி தனக்கு இல்லை என்று அவரே சிட்னி மெஸ்ட்ரேக்கு எழுதினார். நேரில் வந்து பிள்ளைகளைப் பாருங்கள், தகுதி இருந்தால் கட்டுங்கள், எங்களையும் உங்கள் குழுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. பதில் வர எட்டு மாதமானது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மண்டபத்தின் சுவருக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தார்.

இனி என் பக்கம். அந்த வருடம்தான் மாலா அன்ரியின் மகளுக்கு அரங்கேற்றம் நடந்தது. நீ வரவில்லை. வாசலிலேயே எல்லோர் கையிலும் ஒரு விழாமலர் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், உள்ளே வாழ்த்துச் செய்திகள், மூன்றாம் பக்கத்தில் குரு பரம்பரை. குருவின் படம், அவருடைய குருவின் படம், அதற்கு மேலே இன்னொன்று. மாலா அன்ரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உம்மட மகன் அந்தக் குத்துக்கரணத்துக்கு இன்னும் போறவரோ? அது ஆட்டமோ, அடிபாடோ?" என்று கேட்டாள். "ரெண்டும்தான்" என்றேன். "ஆர் படிப்பிக்கிறது?" "ஒரு பிரேசில்காரர்." "அவர் ஆரிட்டைப் படிச்சவர்?" என்றாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரைப் பற்றியும் கேட்பதைத்தான் கேட்டாள். எனக்குக் காது சுட்டது.

உங்கள் விழாவுக்கும் ஒரு மலர் போடுவோம் என்று சேரிடம் நானே கேட்டேன். அவர்களுடைய வழக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. விழாவுக்கு ஒரு டீசேர்ட் அடிப்பார்கள், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் என்றால் செய்யும்படி சொன்னார். பரம்பரைப் பக்கத்துக்குப் பெயர்கள் வேண்டும் என்றேன். மாமா என்று ஒரு சொல் சொன்னார். அவருக்கு முன்? தோளைக் குலுக்கினார். "அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், டோனா. அதுதான் சரி" என்றார். டோனா என்பது அம்மா மாதிரி அவர்களுடைய மரியாதைச் சொல். நான் தலையாட்டினேன். மனதுக்குள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மாமா என்று அச்சடித்து எங்கள் ஆட்கள் ஐம்பது பேரின் கையில் கொடுப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் அப்படி யோசித்தேன் என்பதையும் சொல்லவேண்டும். உன் தாத்தா யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருந்தவர் என்று நீ ஆறாம் வகுப்பில் ஒரு குடும்ப மரம் வரைந்தாய், நான்தான் சொல்லித்தந்தேன். அவர் அச்சகம் வைத்திருக்கவில்லை. இன்னொருவருடைய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எனக்குக் கல்யாணம் பேசிய தரகர் முதலாளி என்று எழுதிக் கொடுத்தார், என் அப்பா மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. இங்கே வந்து இரண்டாம் வருடம் உன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "நான் உம்மைத்தானே கட்டினது, பிரஸையோ?" என்று கேட்டுவிட்டு அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அவ்வளவு லேசாக ஒரு பொய் எனக்கு மன்னிக்கப்பட்டது. அது நல்லதல்ல என்று இப்போது நினைக்கிறேன். மன்னித்த உன் அப்பாவைக் குறை சொல்லவில்லை. வெறுமையான இடங்களை நிரப்பினால் ஒரு கெடுதலும் வராது என்று நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

மலருக்கென்று சேரிடம் ஒரு பழைய படம் வாங்கியிருந்தேன். இளவயதில், ஒரு முதியவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். பின்பக்கத்தில் அந்த முதியவரின் பெயரும் ஊரும். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன்; ஒருமுறை எழுதியது போதும். நூலகத்தில் வேறோர் ஊரிலிருந்து ஒரு புத்தகம் தருவித்தேன். அதில் அந்தப் பெயர் இருந்தது. அவருடைய ஆசிரியரின் பெயரும், அவருக்கு முந்தியவரின் பெயரும். படிக்கட்டு மாதிரி ஒழுங்காக. படத்தில் பக்கத்தில் நிற்கிறார் என்றால் படித்திருப்பார்தானே, அடக்கத்தில் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மத்தியான இடைவேளையில் நான்காம் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். அட்டைப்படத்தை நீ கணினியில் செய்துகொண்டிருந்தாய். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாய்.

"அம்மா, இது ஆர்? மாமா எங்க?"

"இவர்தான் உண்மையான குரு."

"சேர் சொன்னவரோ?"

"ஓம்."

"அப்ப எங்களுக்கு ஏன் வேற கதை சொன்னவர்?"

"சின்னப் பிள்ளையள் எண்டு சொல்லியிருப்பார். இப்பதான் உள்ளதைச் சொல்றார்."

உன் முகம் மாறியது. நான் எழுந்து சோறு வடிக்கப் போனேன். கடைசிப் பக்கத்தில், பெருமையில், தொகுப்பு என்று போட்டு உன் பெயரைச் சேர்த்தேன். சேரிடம் அச்சுப் பிரதியைக் காட்டவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்; நேரம் இருந்தது.

அந்த நாளை நீ வட்டத்துக்குள்ளிருந்து பார்த்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் முதல் வரிசையில், பட்டுச் சேலையில். நீங்கள் எல்லோரும் வெள்ளைக் கால்சட்டையில் வட்டமாக நின்று கைதட்டிப் பாடினீர்கள். சிட்னி மெஸ்ட்ரே நடு வில்வாத்தியத்தை வாசித்தார். சேர் அவருக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைபோல முகமெல்லாம் சிரிப்பாக. பன்னிரண்டு பேருக்குக் கயிறு கட்டியாயிற்று. இடைவேளையில் யாரோ மெஸ்ட்ரேயின் கையில் மலரைக் கொடுத்தார்கள். அவர் வாத்தியத்தோடு திரும்ப உட்கார்ந்து, ஆட்டம் தொடங்கிய பிறகு, மடியில் வைத்து ஒரு கையால் பக்கத்தைத் திருப்பினார். நான்காம் பக்கத்தில் நின்றார். பிறகு கம்பியில் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப அடித்தார். அது ஆட்டத்தை நிறுத்தி வரச்சொல்லும் அழைப்பு என்று உன்னிடம் கேட்டுத்தான் அறிந்திருந்தேன். பாட்டு நின்றது.

"என்ன இது, நிப்பாட்டிப் போட்டினம், இடைவேளை முடிஞ்சுதெல்லோ?" என்று மாலா அன்ரி பின்னால் திரும்பி, குசினி வாசலில் நின்ற என்னிடம் கேட்டாள். ஒருவர் கைதட்டினார், தனியாக.

மெஸ்ட்ரே மலரை உயர்த்திக் காட்டி முதலில் போர்த்துக்கேயத்தில் கேட்டார். பிறகு எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்தில் கேட்டார். "இதில் போட்டிருக்கும் இந்த மனிதர் என்னுடைய மெஸ்ட்ரே. பதினெட்டு வருடம் அவருடைய வீட்டில் இருந்தேன். நீ எந்த வருடம் அவரிடம் படித்தாய்?" சேர் மலரை வாங்கி அந்தப் பக்கத்தை வாசித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்தார். நீ கயிறு வாங்கக் காத்திருந்தவர்களில் முதலாவதாக நின்றாய். அவர் உன்னைப் பார்த்ததை மண்டபத்தில் நான் ஒருத்திதான் விளங்கிக்கொண்டேன். நான் எழுதவில்லை என்று அவர் சொன்னால் எழுதியது யார் என்ற கேள்வி வரும். கடைசிப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. அவர் மலரை மூடினார். "அது என் விழாவின் புத்தகம்" என்றார். தன் இடுப்பிலிருந்த நிறமில்லாத கயிற்றை அவிழ்த்து வில்வாத்தியத்தின் அடியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள்ளால் வெளியே போனார். அவருடைய மூக்கின் சீட்டி என்னைக் கடந்து போனது.

மெஸ்ட்ரே உனக்குக் கயிறு கட்டினார். மற்ற எல்லோருக்கும் கட்டினார். காரில் நீ சொன்னது ஒன்றுதான்: "எங்களுக்கு ஒரு கதை, புக்கில ஒரு கதை." நான் காரை ஓட்டினேன்.

பத்து நாள் கழித்து சேர் என் பற்றிஸ் தட்டைக் கொண்டுவந்து தந்தார். மண்டபத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நீ பல்கலைக்கழகத்தில். வாசலில் வைத்தே அவரிடம் சொன்னேன், நான்தான் எழுதினேன் என்று. அவர் கோபப்படவில்லை. அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னார்: ஒரு திருவிழாவில், தெரியாத முதியவரிடம் கேட்டு, ஒருவர் இரவல் கமராவில் எடுத்தது. அவ்வளவுதான். "மகனிடம் நான் சொல்கிறேன்" என்றேன். "இப்போது வேண்டாம்" என்றார். "சொன்னால் அவன் மெஸ்ட்ரேயிடம் போகமாட்டான். எனக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பான். அவனுடைய உடம்பு இப்போதுதான் ஆட்டத்துக்குத் திறக்கிறது, டோனா. முதலில் பழகட்டும்." முதலில் என்றுதான் சொன்னார், தம்பி. ஒருநாளும் சொல்லாதே என்று சொல்லவில்லை. நான் அந்த அனுமதியை மூன்று வருடம் இழுத்தேன். நீ சிட்னிக்குப் பெட்டி கட்டியபோது சொல்லலாம் என்று நினைத்தேன். முதல் வகுப்பு எடுத்தேன் என்று தொலைபேசியில் கத்தியபோது நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ சந்தோஷமாக இருந்தாய், அல்லது களைத்திருந்தாய்.

ஒரு வருடம் கழித்து உன் மெஸ்ட்ரேக்கும் தொலைபேசியில் சொன்னேன். உனக்குத் தெரியாது. அவர் முழுவதையும் கேட்டார். "உங்களை நம்புகிறேன்" என்றார். "ஆனால் அவருக்கு வாய் இருந்தது. வட்டத்தின் நடுவில் கேட்டேன், வட்டத்தின் நடுவில் பதில் வரவேண்டும். ஒரு தாயின் தொலைபேசி அழைப்பை வைத்து அதை நான் மாற்றமுடியாது." அவர்களுடைய ஒழுங்கில் அது நியாயமாகவும் இருக்கலாம். நான் எவ்வளவு வாசித்திருந்தாலும் அந்த ஒழுங்குக்குள் எனக்கு இடமில்லை. அச்சடித்தபோது மட்டும் இருந்தது என்று நினைத்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் அம்மாக்கள் எழுதுவார்கள். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும்: நீயும் இனி ஆசிரியன். உன்னிடம் பழகும் பிள்ளைகளின் அம்மாக்கள் உன்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது செய்ய வருவார்கள். அவர்கள் அச்சடிப்பதை வாங்கி வாசித்துப் பார். கூச்சப்படாதே. தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொல். மூட்டை தூக்கியவரை மூட்டை தூக்கியவர் என்று எழுதச் சொல். சிட்னியில் சேரின் பெயரைச் சொல் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இரண்டிலிருந்தும் உன்னைக் காப்பாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. சேர் ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். முகவரியை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அம்மா

இதை அச்சில் கொடுக்க நீ சம்மதித்தாய். பிறகு நடந்ததையும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். கடிதம் கிடைத்து நாலாம் நாள் நீ மெல்பேர்ன் வந்தாய், வீட்டுக்கு வரவில்லை. சேரைத் தேடி ட்ருகனினாவுக்குப் போனாய். அவர் வேலையை விட்டு ஐந்து மாதம், எங்கே போனார் என்று தெரியாது என்று வாசலில் சொன்னார்கள். விழாவுக்கு நானும் அப்பாவும் சிட்னி வந்தோம். மெஸ்ட்ரே உன் ஆசிரியர் யார் என்று கேட்டார். ஷலேரா என்றாய். அவருடைய ஆசிரியர் யார் என்று கேட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு மாமா, பெயர் தெரியாது என்றாய். மெஸ்ட்ரேக்கு அது, வட்டத்தின் நடுவில் பதில் சொல்லாமல் போனவரின் பெயர்தான். அவர் கயிற்றை மடித்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நீ வட்டத்திலிருந்து வெளியே வந்து சப்பாத்தைப் போட்டாய். இப்போது நீ எந்தக் குழுவிலும் இல்லை.